கேமராவை யாரிடமிருந்து ஒளிப்பது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் கார் ஓட்டுகிற நம் ஆட்கள் நாலு பேர் ஒரு கல்யாணத்திலோ கோயில் சாப்பாட்டிலோ சேர்ந்தால், பேச்சு பெட்ரோல் விலையில் ஆரம்பித்து டாஷ்கேமில், அதாவது காரில் மாட்டுகிற கேமராவில், வந்து நிற்கும். அதில் இரண்டு கட்சி உண்டு. கேமரா நன்றாக வெளியே தெரியட்டும், பார்த்தாலே ஒருத்தன் கை வைக்க யோசிப்பான் என்பது ஒரு கட்சி. அவர்கள் பின்கண்ணாடியில் ஸ்டிக்கரும் ஒட்டிவிடுவார்கள். தெரியவே கூடாது, தெரிந்தால் அந்தக் கேமராவுக்காகவே கண்ணாடியை உடைப்பான் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. இன்றைக்கும் அதே கட்சிதான். ஆனால் இரண்டு கட்சியுமே காருக்கு வெளியே நிற்பவனைப் பற்றி மட்டும்தான் சண்டை போடுகிறது. மூன்று கேமரா வைத்த வண்டியில் ஒன்று உள்பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கிறதே, அது யாருக்குத் தெரிய வேண்டும், யாருக்குத் தெரியக் கூடாது? கொஞ்ச நாளாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது. எழுதிப் பார்த்தால் தெளியும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று கேமராவுக்கு நான் வந்து சேர்ந்தது ஒரு வெள்ளை பக்கியால். பிக்கப் வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். பின்னால் ஏணியும் பெயின்ட் டப்பாவும் ஏற்றிய வண்டி. கேட்வே மாலிலிருந்து எம்41 சாலையில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கம் வந்துகொண்டிருந்தேன். இடப்பக்கம் வந்து சேரும் பாதையிலிருந்து ஏறியவர், என் பின்கதவை ஒரு முழ நீளத்துக்கு உரசிவிட்டார். ஓரமாக நிறுத்தினோம். மனிதர் தன்மையாகத்தான் பேசினார், போன் நம்பர் கொடுத்தார், கைகொடுத்தார். அப்புறம் இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டபோது, நான்தான் அவருடைய பாதைக்குள் நுழைந்தேன் என்று சொல்லிவிட்டார். என் வார்த்தைக்கு எதிராக அவர் வார்த்தை. அவருக்கு இன்சூரன்ஸ் கிடையாது. இந்த நாட்டில் அது கட்டாயமும் கிடையாது. நாம் போடுகிற ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் ஒரு பங்கு சாலை விபத்து நிதிக்குப் போகிறதே என்று கேட்கலாம். அந்த நிதி உடம்பில் பட்ட அடிக்குத்தான் பணம் தரும், தகரத்தில் பட்ட அடிக்கு இல்லை. கடைசியில் எக்சஸ் தொகையை, இன்சூரன்ஸில் நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கை, நானே கட்டிக் கதவைச் சரிபண்ணினேன்.

அப்போதும் என் காரில் கேமரா இருந்தது. முன்கண்ணாடியில் ஒட்டிய மலிவான ஒன்று. சம்பவத்தன்று அதில் பதிவானவை: வெயில், சாலை, என் பானெட், திடீரென்று ஒரு குலுங்கல், என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை. பக்கி அதில் வரவே இல்லை. முன்னால் மட்டும் பார்க்கிற கேமரா, முன்னால் நடப்பதை மட்டும்தான் சொல்லும். பின்னால் ஒன்று வைத்தால் இடிப்பவரைப் பார்க்கலாம். ஆனால் பக்கவாட்டில் வருவது இரண்டுக்கும் நடுவே நழுவிப் போய்விடும். அதைப் பிடிப்பது, விநோதமாக, உள்ளே வைக்கிற கேமராதான். அகலக் கோணத்தில் அது இருக்கைகளைப் பார்க்கும்போதே இரண்டு பக்க ஜன்னல்களையும் அவற்றுக்கு வெளியே வருவதையும் சேர்த்துப் பார்த்துவிடுகிறது. ரோபோவில் (டிராஃபிக் சிக்னலுக்கு இங்கே அந்தப் பெயர்) நிற்கும்போது ஜன்னலை உடைத்துக் கைப்பையைப் பிடுங்குகிறவன் வருவதும் பக்கவாட்டில்தானே. மால் பார்க்கிங்கில் ரிமோட்டின் சிக்னலைத் தடுத்துப் பூட்டாத கதவைத் திறக்கிறவனும் அப்படித்தான்.

ஒளிப்பது ஏன் என்பதற்கும் ஒரு கதை உண்டு. என்னோடு வேலை பார்ப்பவர் நார்த் பீச்சில் வண்டியை நிறுத்தும்போது, கேமராவைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கும் வழக்கமுள்ளவர். அப்படியிருந்தும் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். காரணம், உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கப் கண்ணாடியில் விட்டுப்போன வட்டத் தடம். கடற்கரை ஈரக்காற்றில் அந்தத் தடம் பளிச்சென்று தெரியும். தடம் இருந்தால் சாமான் டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. நிறுத்திய கார்களைப் பார்த்துக்கொள்ளும் மஞ்சள் சட்டைக் காவல்காரருக்குக் கொடுத்த ஐந்து ராண்டும் போனதுதான். அதற்கப்புறம் ஸ்டிக்கர் கட்சியில் சேரும் எண்ணம் எனக்கு வரவே இல்லை.

எதை வாங்குவது

இணையத்தில் தேட ஆரம்பித்தால் எல்லாரும் 4கே, 4கே என்றுதான் கத்துவார்கள். படத்தின் தெளிவு முக்கியம்தான், மறுக்கவில்லை. சோனியின் ஸ்டார்விஸ் 2 வகை சென்சார்கள் வந்த பிறகு இரவுப் படம் நிஜமாகவே தேறியிருக்கிறது. வியோஃபோ ஏ229 ப்ரோ மாதிரியான மூன்று கேமரா செட்டில் முன்னால் 4கே, பின்னால் 2கே, உள்ளே 1080பி என்று வருகிறது. ஆனால் ஒன்றை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். லென்ஸ் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு எதிரே இருக்கும் நம்பர் பிளேட் சின்னதாகிவிடும். இரவில் நம் ஹெட்லைட் பட்டு அந்த பிளேட் வெள்ளையாக வெடித்துவிடும். அப்போது உதவுவது பிக்சல் கணக்கைவிட, அதிக வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே படத்தில் சமன்செய்யும் எச்டிஆர்தான். எத்தனை கே இருந்தாலும், ஓடுகிற வண்டியின் பிளேட்டைச் சில மீட்டர் தூரத்துக்குள் வந்தால்தான் படிக்க முடியும். இது தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. மெமரி கார்டு எங்கே இருக்கிறது என்பது. சாதாரண மாடல்களில் அது முன் கேமராவுக்குள்ளேயே இருக்கும். கண்ணாடியை உடைத்துக் கேமராவைப் பிடுங்குகிறவன், தன் முகம் பதிவான கார்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவான். பெட்டி வகை என்று ஒன்று இருக்கிறது. பிளாக்வியூ டிஆர்770எக்ஸ் பாக்ஸ் அந்த வகை. கட்டைவிரல் அளவு கேமராக்கள் மட்டும் கண்ணாடியில். மூளையும் கார்டும் ஒரு பெட்டிக்குள், அதை சீட்டுக்கு அடியிலோ டிக்கி ஓரத்திலோ ஒளித்துவிடலாம். மூன்று கேமராவும் முழு எச்டிதான், 4கே இல்லை. நான் தெளிவை விட்டுக்கொடுத்துக் கார்டைக் காப்பாற்றிக்கொண்டேன். அதே பெட்டி வகையில் வேறொரு சிறிய நிறுவனத்தின் செட் வாங்கினேன். அதன் பெயர் வேண்டாம், விளம்பரமாகவும் வேண்டாம் குறையாகவும் வேண்டாம்.

கார்டு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. போனுக்குப் போடுகிற சாதாரண கார்டு, ராப்பகலாக எழுதி அழித்து எழுதுவதைத் தாங்காது. 'ஹை எண்டியூரன்ஸ்' என்று போட்டதை வாங்க வேண்டும். அளவுக்கும் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். மூன்று கேமராவும் சேர்ந்து வினாடிக்கு 60 மெகாபிட் எழுதினால், மணிக்கு 27 ஜிபி. 256 ஜிபி கார்டில் ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அதற்கு மேல் போனால் பழசின் மேல் புதுசு ஏறிவிடும். அதனால் ஏதாவது நடந்தால் அன்றைக்கே எடுத்து வைத்துவிட வேண்டும். இன்னொன்று, உள்ளே லித்தியம் பேட்டரி வைத்த கேமரா டர்பனின் பிப்ரவரி வெயிலில் பூட்டிய காருக்குள் ஊதிப்போகும். பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெப்பாசிட்டர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். எங்கள் பக்கம் எல்லாரும் ஜன்னலுக்கு ஒட்டுகிற பாதுகாப்பு ஃபிலிமையும் கணக்கில் எடுக்க வேண்டும். பக்கக் கண்ணாடிகளில் 35 சதவீதம் வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும் என்பது இங்கே சட்டம், முன்கண்ணாடிக்கு 70. அந்த எல்லை வரை கறுப்பாக ஒட்டிய ஜன்னல் வழியாகப் பார்க்கிற கேமராவுக்கு இரவில் பாதிக் கண் போனதாக வைத்துக்கொள்ளலாம்.

கூரைத் துணிக்குள்ளே

மாட்டுவதை நானே செய்தேன், பாதி வரைக்கும். மீதிக்கு ஸ்பிரிங்ஃபீல்டில் கார் எலக்ட்ரிக்கல் வேலை செய்யும் ஒரு அண்ணன். தாத்தாவின் அப்பா கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். தமிழில் 'அண்ணா', 'சாப்பிட்டாச்சா' இரண்டும்தான் தெரியும் என்பார், ஆனால் தைப்பூசத்துக்கு க்ளேர்வுட் முருகன் கோயிலில் வருஷம் தவறாமல் காவடி எடுக்கிறவர். வேலையில் படு சுத்தம். அவரிடம் நின்று பார்த்ததில் கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பதில் பாதி.

என் கார் இதே ஊரில், பிராஸ்பெக்டன் ஆலையில் தயாராகிற கொரோல்லா கிராஸ். முன்கண்ணாடியில், ரியர்வியூ மிரருக்குப் பின்னால் காரின் சொந்த பாதுகாப்புக் கேமரா உட்கார்ந்திருக்கிறது. அதை மறைத்துவிடக் கூடாது. அதே சமயம் வைப்பர் துடைக்கிற இடத்துக்குள்ளும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழையில் ஒன்றும் தெரியாது. கண்ணாடி ஓரத்தில் கறுப்புப் புள்ளிகளாக ஒரு பட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தப் புள்ளிகளின் மேல் டேப் சரியாக ஒட்டாது. ஆனால் புள்ளிகள் முடிகிற விளிம்புக்கு ஒட்டினாற்போல், மிரரின் நிழலில், பயணி பக்கம் ஒரு உள்ளங்கை அளவு இடம் கிடைத்தது. வெளியே நின்று பார்த்தால் புள்ளிப் பட்டையும் கறுப்புக் கேமராவும் ஒன்றாகிவிடுகின்றன. டேஷ்போர்டின் நிழல் கண்ணாடியில் விழுவதைக் குறைக்க லென்ஸுக்கு ஒரு போலரைசர் போட்டு, கேமரா ஓடும்போதே படத்தைப் பார்த்துத் திருகி நிறுத்தினோம்.

வயரைக் கூரைத் துணியின் ஓரத்தில் பிளாஸ்டிக் கரண்டியால் செருகிக்கொண்டே போவது சுலபம். சிக்கல், முன் பக்கத் தூணில் இறங்கும் இடம். அங்கே கர்ட்டன் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. வயர் அதன் முன்னால் குறுக்கே போனால், ஏர்பேக் விரிகிற கணத்தில் வயரும் அதோடு முகத்துக்கு வரும். அண்ணன் தூணின் மூடியைக் கழற்றி, ஏர்பேக்குக்குப் பின்னால் ஏற்கெனவே இருக்கிற வயர் கட்டோடு சேர்த்துக் கட்டினார். 'சும்மா கதவு ரப்பருக்குள்ள தள்ளிடறவங்கதான் அதிகம்' என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டே.

பின் கேமராவின் வயர்தான் பொறுமையைச் சோதித்தது. உடம்புக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். காரின் சொந்த வயர்கள் அதற்குள்தான் போகின்றன. நம் வயரும் அதற்குள் போனால்தான் வெளியே தெரியாது, கதவு மூடும்போது நசுங்கவும் நசுங்காது. பாவாடைக்கு நாடா கோர்ப்பது போலத்தான்: ஒரு கட்டையான கம்பியை முதலில் உள்ளே விட்டு, மறுமுனையில் அதைப் பிடித்து, வயரை அதில் கட்டி, ரப்பரைச் சுருக்கிச் சுருக்கி இழுக்க வேண்டும். உள்ளே கொஞ்சம் சிலிகான் ஸ்பிரே அடித்த பிறகுதான் அசைந்தது. அந்த வேலை நடந்த நேரத்தில் மனைவி இரண்டு தரம் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

மின்சாரத்துக்கு மூன்று வயர். மஞ்சள் எப்போதும் மின்சாரம் இருக்கிற ஃபியூஸுக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் வருகிற ஃபியூஸுக்கு, கறுப்பு காரின் உடம்பில் ஒரு போல்ட்டுக்கு. எந்த ஃபியூஸ் எப்படி என்பதை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஏர்பேக் ஃபியூஸைத் தொடவே கூடாது. மஞ்சள் வயர் இருப்பதால்தான் வண்டி நிற்கும்போதும் கேமரா விழித்திருக்கிறது, அதனால்தான் பேட்டரியும் குறைகிறது. ஓய்வாக நிற்கும் 12 வோல்ட் பேட்டரி முழுசாக இருந்தால் 12.6 காட்டும். 12.2-க்கு வந்தால் பாதி காலி. அந்த 12.2-இல் தானாக நின்றுவிடும்படி வைத்தோம். ஊருக்குப் போகும்போது, கிங் ஷாகா விமான நிலையத்தில் வாரக்கணக்கில் காரை விட்டுவிட்டுப் போனால், அந்த ஃபியூஸையே பிடுங்கிவிடுவேன்.

எல்லாம் மாட்டி முடிந்து வெளியே நின்று பார்த்தால் நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. விளக்கு எல்லாவற்றையும் அணைத்தாயிற்று, 'பதிவு தொடங்குகிறது' என்று பேசும் பெண் குரலையும் நிறுத்தியாயிற்று. அப்போது அண்ணன் தன் போனை எடுத்து வைஃபை பட்டியலைக் காட்டினார். அதில் முதலில் என் கேமராவின் மாடல் பெயர், எண்ணோடு. பத்து மீட்டர் சுற்றளவில் யார் போனைத் திறந்தாலும், இந்தக் காரில் இந்தக் கேமரா இருக்கிறது என்று அது தானே சொல்லிக்கொண்டிருந்தது. வைஃபையைத் தேவைப்படும்போது மட்டும் போடுகிறபடி மாற்றி, கம்பெனி வைத்த பாஸ்வேர்டையும் மாற்றினோம். ஒளிக்கிறவர்கள் இதை மறந்துவிடாதீர்கள்.

அந்தச் சிவப்புப் புள்ளிகள்

இப்போது உள் கேமரா. அதை மிரருக்குப் பக்கத்தில் கூரையோரமாக வைத்திருந்தோம். இரவில் உள்ளே வெளிச்சம் இருக்காது என்பதால் அதற்கு அகச்சிவப்பு விளக்குகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்று சொன்னாலும் பாதிதான் உண்மை. பெரும்பாலான கேமராக்களில் 850 நானோமீட்டர் விளக்குகள். இருட்டில் நேராகப் பார்த்தால் மங்கலாகச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். 940 நானோமீட்டர் என்றால் அதுவும் தெரியாது, ஆனால் படம் கொஞ்சம் மங்கல். என்னுடையது 850.

வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகும்போது ஃபீனிக்ஸில் ஒரு ஆயாவை ஏற்றிக்கொள்வோம். இங்கே பிறந்து வளர்ந்தவர், எண்பதைத் தாண்டியவர். தமிழும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும், கேட்கச் சுகமாக இருக்கும். எங்களைப் போல ஊரிலிருந்து வந்தவர்கள் மேல் ஒரு தனிப் பிரியம், அதோடு எங்கள் சமையலில் புளி அதிகம் என்று ஒரு புகார். அன்றைக்குத் திரும்பி வரும்போது பின்சீட்டில் என் மனைவியோடு உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டு வந்தார். வீட்டு விஷயம். பிள்ளைகளுக்குள் வீட்டைப் பற்றி நடக்கிற தகராறு. அதற்கு மேல் இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. குரல் உடைந்துகொண்டிருந்தது. திடீரென்று பேச்சு நின்றது.

"தம்பி, அங்க மேல ரெட்டா மின்னுதே, அது என்னா?"

கேமரா என்று சொன்னேன். திருடனுக்காக வைத்தது ஆயா என்றேன்.

"நாம பேசுறதும் அதுல போகுதா?"

போகிறது. மைக் போட்டுத்தான் வைத்திருந்தேன், விபத்து நேரத்தில் சத்தமும் சாட்சி ஆகும் என்று. கையை நீட்டி மைக்கை நிறுத்தினேன், நிறுத்திவிட்டேன் என்று சொல்லவும் சொன்னேன். ஆயா 'ஓகே, ஓகே' என்றார். ஆனால் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரவில்லை. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டு கேட் வந்ததும் இறங்கினவர், கதவைப் பிடித்தபடி உள்ளே குனிந்து, கோபமே இல்லாமல் சொன்னார்: "கேட்வேல கூட போர்டு வெச்சிருக்கான் தம்பி, கேமரா இருக்குன்னு."

மறுநாள் இதை ஸ்பிரிங்ஃபீல்டு அண்ணனிடம் சொன்னேன். அவர் தொழில்காரர் அல்லவா, உடனே தீர்வு சொல்லிவிட்டார். அதே அளவில் 940 விளக்கு வைத்த கேமரா வருகிறது, மாற்றிவிடலாம், அப்புறம் யாருக்கும் சிவப்பு தெரியாது. விலையும் அதிகமில்லை. சரி என்று சொல்ல வாயெடுத்தவன் அங்கேயே நின்றுவிட்டேன். அவர் சொன்ன தீர்வு, நான் பணம் கொடுத்து வாங்கிய குணத்தின் முழு வடிவம்தான்: ஒளிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இதில் யாரிடமிருந்து ஒளிகிறது? சன்னலுக்கு வெளியே இருக்கிறவனுக்கு அந்தச் சிவப்பு அநேகமாகத் தெரிவதே இல்லை. ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி, தெருவிளக்கு, எல்லாம் சேர்ந்து மறைத்துவிடுகிறது. அது தெரிவது பின்சீட்டில் இருட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும். அதாவது நான் 940-க்கு மாறினால், திருடனிடமிருந்து ஒரு இம்மியும் கூடுதலாக ஒளிக்கப் போவதில்லை. ஆயாவிடமிருந்து மட்டும்தான் ஒளிப்பேன்.

வீட்டில் இதைப் பற்றி வாக்குவாதமே நடந்தது. மனைவியின் பக்கமும் தள்ளிவிட முடியாதது. அவள் தனியாக ஓட்டுகிற நாட்கள் அதிகம். எவனாவது துப்பாக்கியைக் காட்டிக் காருக்குள் ஏறினால், அவன் கண்ணில் படுகிற கேமரா அவனைக் கோபப்படுத்தும், படாத கேமராதான் நல்லது என்பாள். நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தில் அவன் சிவப்புப் புள்ளியைத் தேடிக்கொண்டு இருக்கப் போவதில்லை என்று நான் சொன்னேன். அவள் சமாதானம் ஆகவில்லை. இரண்டு பேரும் ஒத்துப்போனது ஒரு இடத்தில்: மைக் வேண்டாம்.

சட்டத்தையும் புரட்டிப் பார்த்தேன், ஆயா சட்டம் பேசவில்லை என்றாலும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், இங்கே எல்லாரும் போப்பியா என்று சொல்வது, 2013-இல் நிறைவேறி 2021 ஜூலையிலிருந்து முழுசாக அமலில் இருக்கிறது. முழுக்கத் தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்கான பதிவு அதற்குள் வராது. ஆக, என் காரில் என் கேமரா என்றால் அந்தச் சட்டம் என்னைப் பிடிக்காது என்றுதான் எனக்குப் புரிந்தது. ஒலிக்கு ரிக்கா என்று 2002-ஆம் வருடச் சட்டம் ஒன்று. நீங்களும் கலந்துகொண்ட உரையாடலை நீங்கள் பதிவு செய்யலாம். நீங்கள் இல்லாத உரையாடலை, பேசுகிற யாருக்குமே தெரியாமல் பதிவு செய்வது வேறு கதை. காரை சர்வீசுக்கு விடுகிறோம், பார்க்கிங் ஆளிடம் சாவி கொடுக்கிறோம், உறவுக்காரர் இரவல் வாங்கிப் போகிறார். அப்போதெல்லாம் மைக் ஓடிக்கொண்டிருந்தால்? நான் வண்டியிலேயே இல்லை. மைக்கை நிறுத்தியதற்கு இது இரண்டாவது காரணம். முதல் காரணம் ஆயாவின் பேச்சு நின்ற விதம்தான்.

சத்தம் போனதால் சாட்சி குறையுமா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்க 2002-ஆம் வருட மின்னணுத் தொடர்புச் சட்டமே வழி வைத்திருக்கிறது. அங்கே கேள்வி, பதிவு எவ்வளவு நம்பகமானது என்பது. அதற்கு வேண்டியது ஜிபிஎஸ் நேரம் சரியாக இருப்பது, வெட்டாத மூலக் கோப்பு, கார்டை உடனே எடுத்துப் பத்திரப்படுத்துவது. அந்த ஜிபிஎஸ் நம் வேகத்தையும் எழுதிக்கொண்டுதான் இருக்கும். என்2 நெடுஞ்சாலையில் 120-ஐத் தாண்டுகிற பழக்கம் இருப்பவர்கள் கேமராவைச் சாட்சி சொல்ல அழைக்கும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆக இப்போதைய நிலவரம் இது. முன்னும் பின்னும் இருப்பவை யாருக்கும் தெரியாது. உள்ளே இருப்பது 850 விளக்கோடு அப்படியே. அதோடு, பின்சீட்டில் உட்காருகிறவர் கண்ணுக்கு நேராக, முன்சீட்டின் தலையணைக்குப் பின்னால் தபால்தலை அளவில் ஒரு கேமரா படம் ஒட்டியிருக்கிறேன். வெளியிலிருந்து தெரியாது. ஏறுகிறவர் யாராக இருந்தாலும் ஒரு வரி சொல்லிவிடுவேன்: கேமரா ஓடுகிறது, சத்தம் இல்லை, வேண்டாம் என்றால் நிறுத்துகிறேன். பெரும்பாலும் 'அதனால என்ன' என்பார்கள். அலுவலகத்துக்கு ஒரே காரில் சேர்ந்து போகிற லிஃப்ட் கிளப்பில் ஒரு பெண் மட்டும் நிறுத்தச் சொன்னார். லென்ஸைத் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான், அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆயா இன்னமும் வெள்ளிக்கிழமை வருகிறார். ஏறியதும் மேலே பார்த்து, "மைக் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் புளியைப் பற்றி ஆரம்பிக்கிறார்.

ஃபீனிக்ஸில் பள்ளி வேன் ஓட்டும் நண்பர் ஒருவர் இதே செட்டைத் தன் டொயோட்டா குவான்டத்தில் மாட்டித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு உள் கேமரா மறைந்தே இருக்க வேண்டுமாம், பிள்ளைகள் சீட்டைக் கிழிப்பதைக் கையும் களவுமாகப் பிடிக்க. அது நடக்காது என்று சொல்லிவிட்டேன். அவர் செய்வது தொழில், வீட்டு உபயோகம் என்று ஒதுங்க முடியாது. குழந்தைகளின் தகவலுக்கு போப்பியாவில் தனிக் கட்டுப்பாடு வேறு, பெற்றோர் சம்மதம் வேண்டும். அரை மணி நேரம் வாதாடிவிட்டு, சரி, தாள் அடித்து எல்லாப் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார். குவான்டத்தின் பின்கதவு வரைக்கும் ஆறு மீட்டர் வயர் எட்டுமா, நீளமாக வாங்க வேண்டுமா என்று மாட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.